மணிபல்லவத்தில் கண்விழித்தவள்

ரொறொன்ரோவில் வாழும் என் மச்சாள் ஒருத்தி சில காலத்துக்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்கென்று ஒரு வகுப்பு நடத்தினார்களாம். வந்திருந்தவர்களின் உள்ளங்கையில் ஆளுக்கோர் உலர்ந்த முந்திரிகைப் பழத்தை வைத்து, வாழ்வில் முதன்முறையாகக் காண்பதுபோல் அதைப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். பிறகு முகர்ந்து பார்க்கவேண்டும். பிறகு நாவில் வைத்து, மெல்லாமல் சற்று நேரம் இருக்கவேண்டும். வேறு நினைவு ஏதும் குறுக்கிட்டால் அதை மெதுவாக விலக்கிவிட்டு இந்தக் கணத்துக்குத் திரும்பவேண்டும். மச்சாள் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் குறுக்கே வந்தது கடல். அதை விலக்க அவளால் இயலவில்லை. பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"கணத்திலை வாழச் சொல்லுகினம், மச்சான். எந்தக் கணத்திலை எண்டுதான் சொல்லேல்லை" என்றாள்.

தெரியாத விடயத்துக்கும் மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் எழுதிப் பழகியவன் பத்திரிகைக்காரன். ஆனாலும் அன்று எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்படி யோசித்ததன் விளைவே இக்கட்டுரை. அவள் கண்ட கடலுக்குப் பின்னர் வருகிறேன். முதலில் அந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முந்திரிகைப் பழப் பயிற்சியைப் புகழ்பெறச் செய்தவர் ஜோன் கபாட்-சின் என்ற அமெரிக்கர். 1979ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழும் நோயாளர்களுக்காக அவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியே இன்று அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் பல உருவங்களில் உலவுகிறது. அவர் அதைப் பௌத்த தியான மரபிலிருந்து எடுத்தார். அந்த மரபில் இதற்கு வழங்கும் பாலிச் சொல் 'சதி'. (தமிழில் அச்சொல்லுக்குள்ள வேறு பொருளை வைத்து வாசகர்கள் மயங்கவேண்டாம்.) வடமொழியில் அது 'ஸ்மிருதி'. அதன் நேர்ப்பொருள் நினைவு.

மறதி கற்பிக்கும் வகுப்பென்று என் மச்சாள் எழுந்து வந்த அந்தப் பயிற்சியின் மூலச் சொல்லுக்கு நினைவு என்று பொருள் இருப்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. 'சதி' ஆங்கிலத்துக்குப் போனதிலும் இலங்கைக்குப் பங்குண்டு. 1860களில் இலங்கையின் சிவில் சேவைக்கு வந்து, இங்கே பாலி கற்று, பின்னர் உத்தியோகம் இழந்து ஊர் திரும்பிய ரைஸ் டேவிட்ஸ் என்பவர், 1881இல் வெளியிட்ட சூத்திர மொழிபெயர்ப்பில் அச்சொல்லுக்கு 'மைன்ட்ஃபுல்னெஸ்' என்று எழுதினார். அதுவே நிலைத்துவிட்டது. கவனம் என்ற பொருள் முன்னே வந்தது. நினைவு என்ற பொருள் பின்னே போயிற்று.

இரண்டாவது பங்கும் இலங்கையில் வாழ்ந்த ஒருவருடையதே. தொடாந்துவைக் களப்பில் உள்ள ஒரு சிறு தீவில், ஞானதிலோக தேரர் என்ற ஜேர்மனியர் 1911இல் ஓர் ஆச்சிரமம் அமைத்தார். 1936இல் அங்கு வந்து சேர்ந்தவர் சீக்மண்ட் ஃபெனிகர் என்ற ஜேர்மன் யூதர். துறவு பூண்டு ஞானபோனிக தேரர் ஆனார். நாசிகளிடமிருந்து தம் தாயையும் இலங்கைக்கு வரவழைத்துக் காப்பாற்றினார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரித்தானியர் அவரை ஜேர்மன் பிரசை என்ற காரணத்துக்காகச் சிறைப்பிடித்தனர்; தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவின் டேராடூனிலும் முகாமில் வைத்தனர். இட்லரிடமிருந்து தப்பிய யூதர் இட்லரின் நாட்டவர் என்று முள்வேலிக்குள் அடைபட்ட விசித்திரத்தை வரலாறு இப்படித்தான் போகிறபோக்கில் செய்துவிடுகிறது. அந்த முகாமில் இருந்தபடியே அவர் 'சதி' பற்றிய பௌத்த நூற்பகுதிகளைத் தொகுத்தார். அதிலிருந்து வளர்ந்து, 1954இல் கொழும்பில் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலே மேற்குலகில் இந்தத் தியானமுறையைப் பரப்பிய நூல்களில் முதன்மையானது. நிகழ்வதை நிகழ்கிறபடி வெறுமனே கவனித்தல் ஒரு பாதி என்றார் அவர். எதை எதற்காகச் செய்கிறோம் என்ற தெளிவு மறுபாதி என்றார். முதற்பாதி உலகெங்கும் விலைபோயிற்று.

தமிழில் இந்த நட்டம் நேரவேண்டியதில்லை. பௌத்தத்தின் எட்டு நெறிகளைத் தமிழில் எண்ணுகிறபோது ஏழாவதை 'நற்கடைப்பிடி' என்பார்கள். கடைப்பிடி என்றால் இன்று நாம் பின்பற்றுதல் என்று கொள்கிறோம். பழைய பொருள் வேறு. இறையனார் களவியல் உரை, தலைமகனுக்குரிய குணங்களை விளக்குமிடத்தில், கடைப்பிடி என்பதற்குக் கொண்டதை மறவாமை என்ற பொருளையே தருகிறது. ஆக, இக்கணத்தில் வாழ்தல் என்று மச்சாளுக்குச் சொல்லப்பட்டது தமிழில் மறவாமையாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் என் நினைவு நேரே நயினாதீவுக்குப் போயிற்று.

நயினாதீவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கு ஏறி, வாணர் பாலம் கடந்து, புங்குடுதீவின் மேற்கோரத்தில் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை முடிந்துவிடும். இனி வள்ளம். அங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 2009க்குப் பின் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்கள் நாகதீப விகாரைக்குப் போகிறவர்கள். நம்மவர்கள் நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள். ஒரே வள்ளம். சிலர் இரண்டிடத்திலும் இறங்கிக் கும்பிடுவார்கள்.

இரு கோயில்களுக்கும் பொதுவான ஒரு கதை உண்டு. புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்துக்கு வந்தார் என்றும், மணிகள் பதித்த ஓர் ஆசனத்துக்காகப் போரிட நின்ற மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருமகனுமாகிய இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தினார் என்றும் மகாவம்சம் சொல்கிறது. மணிமேகலைக் காப்பியமும் இரு நாக மன்னர் ஓர் ஆசனத்துக்காகப் பொருததையும், புத்தர் அதைத் தீர்த்ததையும் சொல்கிறது. அந்த ஆசனம் இருக்கும் தீவின் பெயர் மணிபல்லவம். பாலியும் தமிழும் தனித்தனியே பேணிய ஒரே நினைவு இது. நம் காலத்து இரு தரப்பாரும் இதை வைத்து எழுதிய துண்டுப் பிரசுரங்களைப் படித்தவன் என்ற முறையில், அந்த ஆசனப் போர் இன்னும் முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

மணிபல்லவம் நயினாதீவுதானா என்பதில் அறிஞர்கள் ஒருமித்துவிடவில்லை. நாகதீபம் என்ற பெயர் ஒரு சிறு தீவை அன்றி யாழ்ப்பாணக் குடாநாட்டையே குறித்தது என்பதற்கு, 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனம் வலுவான சான்று. ஆனால் ஊரார் இந்தத் தீவையே மணிபல்லவம் என்று நம்புகிறார்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கப்பல்கள் வந்து தங்கவும் உடையவும் செய்த கடல் இது என்பதில் மாத்திரம் ஐயமில்லை. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டை 1963இல் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பலானால் பாதிக்குப் பாதி. ஒரு சிங்கள மன்னன் தமிழில் வெட்டுவித்த கல். கடலில் எல்லாவற்றையும் இழந்து கரையேறுபவன் ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்து எழுதி வைத்த சட்டம்.

அப்படிக் கரையில் விடப்பட்டவர்களில் முக்கியமானவள் மணிமேகலை.

காப்பியத்தின் அந்தப் பகுதியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் நகரத்துப் பூஞ்சோலையில் தோழி சுதமதியோடு இருந்தவள் மணிமேகலை. அரசகுமாரன் உதயகுமரன் அவளைத் தொடர்கிறான். அன்றிரவு கடற்தெய்வம் அவளைத் துயிலில் எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத்தில் கிடத்திவிட்டு மறைகிறது. விடிகிறது. கண்விழித்தவளுக்கு இடம் தெரியவில்லை. சோலையின் ஒரு மூலைதானோ, சுதமதி விளையாட்டுக்கு ஒளிந்துகொண்டாளோ என்று மயங்குகிறாள். கூப்பிடுகிறாள். பதிலில்லை. மணலும் பறவைகளும் தவிர வேறெவரும் இல்லை.

இன்றைய வகுப்பு ஆசிரியர் வேண்டுகிற நிலை ஏறக்குறைய இதுதான். நேற்று அறுந்துவிட்டது. நாளை என்பதற்கு வழியில்லை. முதன்முறையாகக் காணும் கரை. சாத்தனார் அவளை அங்கே அமைதியாக இருத்தவில்லை. அவள் அழுகிறாள், மதுரையில் வெட்டுண்டு மாண்ட தந்தை கோவலனை நினைத்து அழுகிறாள். அழுதபடி நடக்கிறவள் முன்னே அந்த ஆசனம் தோன்றுகிறது. அதை வணங்கி வலம் வருகையில் அவளுக்குத் தன் முற்பிறப்பு முழுதும் தெரிகிறது. அப்பிறப்பில் தன் கணவனாயிருந்து பாம்பின் விடத்தால் இறந்தவன் எவனோ, அவனே இன்று உதயகுமரனாய்ப் பின்தொடர்கிறான் என்று அறிகிறாள். தன் நெஞ்சு ஏன் அவன்பால் சென்றது என்ற புதிருக்கு அங்கே விடை கிடைக்கிறது. 'பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதை' என்பது அப்பகுதியின் பெயர். தன்னை அறிதல் அவளுக்கு இழந்ததன் வழியாகவே வருகிறது.

நான் இதைப் பலமுறை படித்திருந்தும் கவனிக்காத ஒன்று, அடுத்து நடப்பது. பிறப்புணர்ந்தவள் கண்மூடித் தியானத்தில் அமர்வாள் என்று நாம் எதிர்பார்ப்போம். தீவில் காவலிருக்கும் தீவதிலகை வந்து கோமுகி என்னும் பொய்கையைக் காட்டுகிறாள். வைகாசி முழுமதி நாளில் அதிலிருந்து ஒரு பாத்திரம் எழுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. அதை ஏந்திக்கொண்டு மணிமேகலை புகாருக்குத் திரும்பிப் பசித்தவர்களைத் தேடிப் போகிறாள். பசி கணத்துக்குரிய விடயம். நேற்றுத் தின்றவனுக்கும் இன்று பசிக்கும். நாளை சோறு உண்டென்றாலும் இன்றைய பசி ஆறாது.

இதே தீவில் அவளுக்கு முன் ஒருவன் தனித்து விடப்பட்டிருந்தான். அவன் ஆபுத்திரன். மதுரையில் அமுதசுரபியைப் பெற்று ஊருக்கெல்லாம் சோறிட்டவன். மழை பெய்து நாடு செழித்ததும் அவனிடம் வருவார் இல்லாமற்போயிற்று. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது, அவன் கரையிறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் இரவோடிரவாகப் பாய் விரித்துப் போய்விட்டனர். கையில் வற்றாத பாத்திரம். உண்பதற்கு வேறு ஆளில்லை. தனக்கு மட்டும் உண்ண அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகியில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். ஒரே மணல், ஒரே தனிமை. ஒருவனுக்குச் சாவு, ஒருத்திக்கு விழிப்பு. ஆபுத்திரன் தோற்றான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவனிடம் பசித்தவர் எவரும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு இன்னொரு திரும்பல் உண்டு. ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசன் என்ற மன்னனாகப் பிறக்கிறான். பழம்பிறப்பு அவனுக்கு நினைவில்லை. மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு அழைத்து வருகிறாள். புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டுகிறான் அரசன். எலும்புகள் வருகின்றன. அவை அவனுடைய எலும்புகள். அவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தது கண்டு அங்கேயே மாண்ட வணிகர் ஒன்பதின்மரின் எலும்புகளும் அருகில் கிடக்கின்றன. மன்னன் நிலைகுலைகிறான். மணிமேகலை அவனைத் தேற்றி, நாடு திரும்பி உயிர்களுக்கு உண்டியும் உடையும் உறையுளும் கொடுக்கும்படி சொல்கிறாள். எலும்பைக் காணாமல் விட்டுவிடு என்று அவள் சொல்லவில்லை. தோண்டிக் காட்டியபின்தான் போகச் சொல்கிறாள்.

1898இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்தபோது, இது எந்தச் சமயத்தின் நூல் என்பதே தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பௌத்தத்தின் சொற்கள் மறந்துபோயிருந்தன. கும்பகோணத்தில் இருந்த மளூர் ரங்காசாரியரே இது பௌத்த நூல் என்று கண்டு சொல்லி, ஐயருக்கு அச்சமயக் கருத்துகளை விளக்கினார். ஒரு சமூகமே தன் முற்பிறப்பை மறந்து, ஏட்டைத் தோண்டி அறிந்துகொண்ட கதை அது.

இனி, மச்சாளின் கடல்.

1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் பயணிகளோடு புறப்பட்ட 'குமுதினி' என்ற படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கத்திகளாலும் கோடரிகளாலும் பயணிகளை வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டனர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. ஊரார் சொல்லும் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும். குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சி சொன்னார்கள். அரசு மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே குமுதினி பழுதுபார்க்கப்பட்டுப் பின்னும் பல்லாண்டுகள் அதே வழியில் ஓடியது. மச்சாளுக்கு அப்போது பதினான்கு வயது. அந்தப் படகில் அவள் எத்தனையோ முறை போய்வந்தவள். அன்று போகவில்லை.

போர் முடிந்த பின் பழையதை மறந்து முன்னே போங்கள் என்று எங்களுக்குப் பல மேடைகளில் சொன்னார்கள். சொன்னவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்களும் இருந்தார்கள். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமி அடிக்கடி சொன்னதாக வழங்கும் 'எப்பவோ முடிந்த காரியம்' என்ற வாக்கியத்தைக்கூட அதற்குத் துணைக்கழைத்தவர்களைக் கேட்டிருக்கிறேன். அவருடைய சீடர் கொழும்புத்துறை யோகர் சுவாமி (1872–1964) வாழ்நாள் முழுதும் பேணிய வாக்கியம் அது. அகங்காரம் தான் நடத்துவதாக எண்ணிக்கொள்ளும் காரியங்களைப் பற்றிய பேச்சு அது. கோவைகளை மூடிவைக்கும் அலுவலகக் கட்டளையாக அதைப் படிப்பது அந்தத் தேரடிக்குச் செய்யும் அவமரியாதை. நல்லூரிலிருந்து தொலைவில் இல்லாத செம்மணியில் 2025இல் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. புண்ணியராசனின் கதையை எனக்கு மீண்டும் படிக்கத் தோன்றியது அப்போதுதான்.

இவ்வளவையும் நான் மச்சாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "நீங்கள் கட்டுரை மாதிரிக் கதைக்கிறியள்" என்றாள். பிறகு, ஊருக்கு வரப்போவதாகச் சொன்னாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் நெடுந்தீவுக்கு வந்ததில்லை.

வந்தாள். குறிகட்டுவானில் இருவரும் வள்ளம் ஏறினோம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பழக்கதோசத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓலைப் பையோடு இருந்த மூதாட்டி, "என்ன தம்பி மணிக்கூட்டைப் பாக்கிறியள்? சேரேக்கை சேருவம்" என்றார். மச்சாள் அணியத்துப் பக்கம் முகம் வைத்துக் கடலையே பார்த்தபடி வந்தாள். கண்ணை மூடவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

மாவிலித்துறையில் குமுதினியில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே 15இல் ஊரார் அங்கே கூடி விளக்கேற்றுவார்கள். நாங்கள் போனது வேறொரு நாள், ஒருவரும் இல்லை. அவள் அதன் முன்னே நெடுநேரம் நின்றாள். எங்களை ஏற்றிப்போக வந்தவர் இரண்டு முறை ஹோன் அடித்தார். அவள் திரும்பவில்லை. வெயில் ஏறிவிட்டது.

உறவினர் வீட்டில் போத்தல் தண்ணீரை நீட்டினார்கள். நெடுந்தீவுக் கிணறுகள் பல சவர் என்பது தீவகத்தார் அறிந்ததே. வெளியூர் வயிறு தாங்காது என்று எச்சரித்தார்கள். அவள் வளவுக் கிணற்றடிக்குப் போனாள். வாளியால் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, ஒரு வாய் எடுத்தாள். விழுங்காமல் சற்று நேரம் வைத்திருந்தாள்.

"அதே சவர்" என்றாள்.